எழுபதுக்குக் கீழே

மணி மூன்று பத்து. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிற பெரியவர் படிவத்தை உள்ளே தள்ளுகிறார். ராமேஸ்வரம், இரண்டு பேர், வயது எழுபத்தொன்று, அறுபத்தாறு, கீழ் பெர்த் வேண்டும் என்று எழுதி அதற்கு அடியில் இரண்டு கோடு. நான் வண்டி எண்ணைத் தட்டுகிறேன். என் விரல்களுக்கு நான் தேவையில்லை, பதினான்கு வருஷமாக இந்த முன்பதிவு கவுண்ட்டர்தான், அவை பாட்டுக்கு வேலை பார்க்கும், நான் பாட்டுக்கு கே.கே. நகரில் கருணாகரன் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டிருக்கலாம். நின்றுகொண்டுதான் இருக்கிறேன். ஃபிரிட்ஜ் கதவில் முட்டை வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இன்சுலின் பேனா இருக்கிறது. நித்திலா இந்நேரம் விரலைக் குத்தத் தயாராகியிருப்பாள். மூன்றேகாலுக்குப் பார்ப்பேன், கேக் வெட்டுவதற்கு முன்னால், என்று அவர் சொல்லியிருக்கிறார். இன்னும் ஐந்து நிமிஷம். மோதிர விரலின் ஓரத்தில்தான் குத்துவாள், நடுவில் குத்தினால் பென்சில் பிடிக்கும்போது வலிக்கும் என்று ஏழு வயதில் அவளே கண்டுபிடித்தது. இப்போது ஒன்பது வயது. எங்கள் மகள். எங்கள் என்கிற சொல் மட்டும் இன்னும் பிரியவில்லை, மற்ற எல்லாம் மூன்று வருஷத்துக்கு முன்னாலேயே நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரித்தாகிவிட்டது, அவருக்கு கே.கே. நகர், எனக்கு உறையூர், நித்திலாவுக்கு இரண்டும். “அம்மா, கீழ பெர்த் கிடைச்சுதா?” பெரியவர் கேட்கிறார். ஒன்று கீழ், ஒன்று நடு. அவர் முகம் வாடுகிறது. “வண்டியில டி.டி.ஆர்.கிட்ட சொல்லுங்க ஐயா, மாத்திக் குடுப்பாங்க.” அவர் தலையாட்டிவிட்டு நகர்கிறார், அடுத்த படிவம் வருகிறது, மணி மூன்று பன்னிரண்டு. நாலு மணிக்குத்தான் எனக்கு டீ நேரம். நாலு மணிக்குத்தான் ஃபோன் கைக்கு வரும். கவுண்ட்டரில் ஃபோன் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது விதி, ஷிப்டு தொடங்கும்போதே அணைத்து சூப்பர்வைசர் மகாலிங்கம் சார் மேசையில் இருக்கிற தட்டில் வைத்துவிட வேண்டும். அவசரம் என்றால் அவர் மேசையில் இருக்கிற பழைய தொலைபேசிக்குக் கூப்பிடலாம், அந்த எண்ணை நான் கருணாகரனிடம் கொடுத்திருக்கிறேன், சர்க்கரை எழுபதுக்குக் கீழே போனால் மட்டும் கூப்பிடுங்க, மற்றதற்கு மெசேஜ் போதும் என்று. எழுபதுக்குக் கீழே. அந்தத் தொலைபேசி அடிக்காமல் இருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் எழுபதுக்கு மேலே.

புதன்கிழமை சாயங்காலம் கருணாகரன் கூப்பிட்டார். “சனிக்கிழமை கீழ் வீட்டுல பொறந்தநாள். நித்திலாவயும் கூப்பிட்டிருக்காங்க. அனுப்பட்டுமா?” என்று கேட்டார். அவர் வீட்டில் அவள் இருக்கிற நாளில் அவர் என்னைக் கேட்க வேண்டியதில்லை, ஆனாலும் கேட்டார். நான், “கேக் இருக்குமே,” என்றேன். “இருக்கும். பொறந்தநாளாச்சே.” “அந்தக் கேக்குல என்ன போட்டிருக்கான், எவ்வளவு போட்டிருக்கான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? எத்தனை யூனிட் போடுவீங்க?” குரலில் அந்தக் கூர்மை வந்துவிட்டது, எனக்கே கேட்டது, பதினோரு வருஷக் குடித்தனத்தில் அவர் தினமும் கேட்ட குரல். அவர் கோபப்படவில்லை. “எந்தக் கடையில சொல்லியிருக்காங்கன்னு கேட்டு, அதே கேக்குல ஒரு துண்டு வாங்கிட்டு வந்து நிறுத்துப் பாத்தேன் சசி. பேக்கரிக்காரர்கிட்ட என்னென்ன போடறாருன்னு எழுதி வாங்கினேன். ஆஸ்பத்திரியில ஸ்டெல்லா சிஸ்டர்கிட்ட காட்டினேன். பாதித் துண்டுக்கு எவ்வளவுன்னு போட்டுக் குடுத்திருக்காங்க.” நிறுத்துப் பார்த்திருக்கிறார். கேக்கை. இந்த மனுஷன். ஐ.டி.ஐ.யில் கடைசல் எந்திரம் சொல்லிக்கொடுக்கிறவர், இரும்பில் ஒரு தலைமுடி அகலம் கூடினாலும் மாணவர்களை மறுபடி செய்ய வைப்பார், வீட்டுக்கு வந்தால் கேஸ் அடுப்பை அணைத்தோமா என்றுகூடத் தெரியாது. ஒரு நாள் எல்.கே.ஜி. விட்ட பிறகு நித்திலாவைக் கூட்டி வர மறந்து, வாட்ச்மேன் ஸ்டூலில் அவள் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நான் வேலை முடிந்து போய்த் தூக்கிக்கொண்டு வந்தபோது அவர் வீட்டில் மின்விசிறியைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். நான் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒன்பது நாள் பேசவில்லை. அதுதான் என் வழக்கம், பேசாமல் இருந்து மற்றவரைக் கரைய விடுவது. பத்தாவது நாள் அவர் சொன்னார், “சசி, இந்த வீட்டுல நான் தினம் பரிட்சை எழுதறேன். தினம் ஃபெயிலாகறேன். எவ்வளவு நாளைக்கு முடியும்?” அன்றைக்கு அதை ஒரு சாக்கு என்று நினைத்தேன்.

“மேடம், சென்னைக்கு நாளைக்கு காலையில ஏதாச்சும் இருக்கா?” நைட்டி மேல் துப்பட்டா போட்ட ஒரு பெண், இடுப்பில் குழந்தை, அது கண்ணாடியை நக்குகிறது. காத்திருப்புப் பட்டியல் அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு, எழுபதுக்குக் கீழே. இது டிக்கெட் எண், சசிரேகா, இது இரத்தத்தில் இருக்கிற எண் இல்லை. இரண்டு வருஷமாக எந்த எண்ணைப் பார்த்தாலும் இப்படித்தான், பஸ் எண் தொண்ணூற்றெட்டு என்றால் நல்லது, வீட்டு எண் முந்நூற்றுப் பன்னிரண்டு என்றால் ஐயோ அதிகம். அந்தப் பெண்ணிடம் மதிய வண்டியில் இடம் இருக்கிறது என்று சொல்கிறேன், சரி போடுங்க என்கிறாள். “குழந்தைக்கு?” “ரெண்டு வயசு மேடம்.” டிக்கெட் வேண்டாம். ஐந்து வயது வரைக்கும் அவர்கள் மடியிலேயே போகலாம். மூன்று பதினெட்டு. பார்த்திருப்பார்கள். எண் வந்திருக்கும். அந்த எண் இப்போது உலகத்தில் இருக்கிறது, எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நித்திலாவுக்குச் சர்க்கரை வந்தபோது நாங்கள் பிரிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. தண்ணீர் தண்ணீர் என்று குடித்தாள், இளைத்தாள், ஒரு காலையில் எழுப்பினால் எழவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்து, “இனிமே தினம் நாலு ஊசி, வாழ்க்கை முழுக்க. ரெண்டு பேரும் கத்துக்கணும்,” என்றார். ரெண்டு பேரும் என்று அவர் சொன்னபோது நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அடுத்த அறையில் நர்ஸ் குழந்தையின் கையில் இரத்தம் எடுத்தாள். பக்கத்தில் சரசரவென்று சத்தம், திரும்பினால் கருணாகரன் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்திருக்கிறார், நெற்றியெல்லாம் வேர்வை, “தலை சுத்துது சசி, ஊசி, என்னால பாக்க முடியாது” என்று. படுத்திருந்த நித்திலா, “அப்பாவுக்குத் தண்ணி குடுங்க,” என்றாள் நர்ஸிடம். நான் அவரை அன்றைக்கு வெறுத்தது மாதிரி எப்போதும் வெறுத்ததில்லை. எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று முடிவு செய்தேன். நானே பார்த்தேன். அவள் அங்கே போகிற சனி ஞாயிறுகளில் ஊசி நேரத்துக்கு ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நானே கே.கே. நகர் போவேன், போட்டுவிட்டுத் திரும்புவேன், அவர் கதவைத் திறந்துவிட்டு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்பார். பிறகு ஒரு நாள், “நீ வர வேணாம்மா. நான் சொல்றேன், அப்பா போடறார்,” என்றாள் நித்திலா. அவள்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தாள். கண்ணை மூடாதீங்கப்பா, பத்து வரைக்கும் எண்ணுங்கப்பா, என்று.

தொலைபேசி அடிக்கிறது.

விரல்கள் நின்றுவிட்டன. எனக்குப் பின்னால், கதவு திறந்திருக்கிற அறையில், அந்தப் பழைய மணி, மூன்று முறை, நான்கு முறை, மகாலிங்கம் சார் எடுக்கிறார். “ஆமா, ரிசர்வேஷன்தான். இல்ல, பார்சல் ஆஃபீஸ் வேற நம்பர்.” வைத்துவிட்டார். கண்ணாடிக்கு அப்பால் ஒருவர், “மேடம், சிஸ்டம் ஹேங்கா?” என்கிறார். இல்லை சார், நான்தான் ஹேங். சொல்லவில்லை. மூன்று இருபத்தாறு. ஜூன் மாதம் அந்தத் தொலைபேசி எனக்காக அடித்தது. முதல் சனிக்கிழமை, அவர் வீடு, நித்திலா மொட்டைமாடியில் வெயில் தாழ்ந்த பிறகு ஷட்டில் விளையாடியிருக்கிறாள், இறங்கி வந்து பேசாமல் உட்கார்ந்திருக்கிறாள், தோற்றுப்போன கோபம் என்று நினைத்து அவர் விட்டுவிட்டார். கால் மணி நேரம். பிறகு அவள் தண்ணீர் டம்ளரைத் தலைகீழாகப் பிடித்ததைப் பார்த்துப் பதறி விரலைக் குத்தியிருக்கிறார். ஐம்பத்து நான்கு. குளுக்கோஸ் கொடுத்தார், ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், நான் போய்ச் சேர்ந்தபோது அவள் எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அவர் கால் மணி நேரம் விட்டுவிட்டார் அல்லவா. நடைபாதையில், போகிற வருகிறவர்கள் காதில் விழ, சொன்னேன். “இனிமே அவ உங்க வீட்டுல தங்க வேண்டாம். பாக்கணும்னா எங்க வீட்டுக்கு வந்து பாத்துட்டுப் போங்க. ஒரு குழந்தையோட முகத்தப் பாத்துக் கண்டுபிடிக்கத் தெரியாதவங்க அப்பாவா இருக்க வேண்டாம்.” கடைசி வாக்கியம் தேவையில்லை. தெரிந்தேதான் சொன்னேன். கோர்ட்டில் எழுதிக் கொடுத்திருக்கிற உரிமை அவருக்கு இருந்தது, நினைத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம், வக்கீலிடம் போயிருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார், “சரி,” என்றார். ஒரே வார்த்தை. அந்தச் சரியையும் நான் தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன், பார், குழந்தைக்காகச் சண்டைகூடப் போடத் தெரியவில்லை என்று.

இரண்டு மாதம் அந்தத் தடை. ஆஸ்பத்திரியில் சர்க்கரைக் குழந்தைகளுக்கு மாதாமாதம் பரிசோதனை உண்டு. ஆகஸ்டில் போனபோது ஸ்டெல்லா சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு அப்பாவ நான் இந்த வார்டுல பாத்ததில்லம்மா.” வீட்டுக்காரர் என்றதை நான் திருத்தவில்லை. செவ்வாய்க்கிழமைதோறும் ஐ.டி.ஐ. முடிந்து ஊசி பழக நேராக வருகிறாராம், நகக்கண்ணில் கிரீஸ் இருக்கும், வாசலில் இருக்கிற குழாயில் அரை மணி நேரம் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உள்ளே வருவாராம். முதல் வாரம் முதலிலிருந்து ஆரஞ்சுப் பழத்தில் ஊசி போடச் சொன்னார்களாம், பக்கத்தில் பத்து எண்ண நித்திலா இல்லாமல் அதற்கே நாற்காலியைப் பிடித்துக்கொண்டாராம். மூன்றாவது வாரம், மருந்தில்லாத வெறும் உப்புத் தண்ணீரைத் தன் வயிற்றில் தானே போட்டுக்கொண்டாராம். “எதுக்கு சார்னு கேட்டேன். எம் பொண்ணுக்கு எங்க வலிக்குதுன்னு எனக்குத் தெரியணும் சிஸ்டர்ன்னாரு.” வயிற்றில் எந்த இடத்தில் வலிக்காது என்று கண்டுபிடித்து, தொப்புளிலிருந்து நாலு விரல் தள்ளி, நித்திலாவுக்கு அதைப் படம் போட்டுக் கொடுத்திருக்கிறார். விரலைத் தினமும் நாலு முறை குத்திக்கொண்டிருக்கிறார், சர்க்கரையே இல்லாத மனுஷன், அவள் குத்துகிற அதே நேரத்தில், அவள் உறையூரில், அவர் கே.கே. நகரில். இரண்டு மாதமாக. எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியுமா என்றும் நான் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து அன்றைக்கு ரசம் வைத்தேன், உப்புப் போடவில்லை, நித்திலா ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். அவள் அப்படித்தான். அந்த வீட்டுத் தோசையைப் பற்றி இந்த வீட்டில் பேச மாட்டாள், இந்த வீட்டுச் சண்டையை அந்த வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டாள், இரண்டு பல்துலக்கி, இரண்டு தலையணை, ஒரே பை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் படியேறி வரும்போது ஒரு தூதரகத்திலிருந்து இன்னொரு தூதரகத்துக்கு வருகிற அதிகாரி மாதிரி இருக்கும். யார் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு? நாங்கள் இல்லை. எங்களைப் பார்த்துக் கற்றிருக்க முடியாது. எங்களைச் சமாளித்துக் கற்றிருக்கிறாள். ஸ்டெல்லா சிஸ்டர் சொன்ன அன்றைக்கே அவருக்கு ஃபோன் செய்து, “அடுத்த வாரத்திலேர்ந்து பழையபடி அனுப்பறேன்,” என்றேன். மன்னிப்பு என்கிற மாதிரி எதுவும் சொல்லவில்லை. “தேங்க்ஸ் சசி,” என்றார் அவர். அவர் எனக்குத் தேங்க்ஸ் சொன்னார்.

மூன்று முப்பத்து மூன்று. கேக் வெட்டியிருப்பார்கள். படிவத்தில் ஒருவர் வயதை விட்டுவிட்டார், திருப்பித் தருகிறேன், எழுதித் தருகிறார், நாற்பத்தெட்டு. எண்ணை எழுதுவது எவ்வளவு சுலபம். மாற்றுவதும் சுலபம். நினைப்பு இங்கே வந்துதான் நிற்கும் என்று எனக்குத் தெரியும், எங்கே சுற்றினாலும் இங்கேதான் வந்து மாட்டிக்கொள்ளும், மூன்று வாரமாக இதே இடம். வியாழக்கிழமை காலை. ஏழரைக்கு நித்திலாவுக்கு ஊசி போட்டேன். போட்டால் கால் மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும். தோசை தட்டில் வைத்தேன், ஃபோன் வந்தது, ஷிப்டு மாற்றம், யாரோ லீவு, நான் பால்கனிக்குப் போனேன், பேசினேன், எனக்கு மட்டும் ஏன் எப்போதும் மதிய ஷிப்டு என்று வாதாடினேன், நன்றாக வாதாடினேன், நாற்பது நிமிஷம். உள்ளே வந்தால் தோசை அப்படியே இருக்கிறது. அவள் சட்டினிக் கிண்ணத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள், கழுத்தெல்லாம் வேர்வை, “அம்மா, ரெண்டு கிண்ணம் இருக்கு,” என்கிறாள். இருந்தது ஒரு கிண்ணம். ஐம்பத்தொன்று. அவர் வீட்டில் ஐம்பத்து நான்கு, என் வீட்டில் ஐம்பத்தொன்று, மூன்று குறைவு. குளுக்கோஸ் கரைத்தபோது என் கையிலிருந்து பாதி தரையில் கொட்டியது. கால் மணி நேரம் கழித்து எண்பத்தெட்டு, பிறகு சரியாகிவிட்டது, தோசையைத் தின்றாள், ஸ்கூலுக்கும் போனாள். அவள் பையோடு இரண்டு வீட்டுக்கும் போகிற நீல அட்டை நோட்டு ஒன்று உண்டு, எல்லா எண்ணும் அதில் எழுத வேண்டும், டாக்டர் பார்ப்பார், கருணாகரனும் பார்ப்பார். ஐம்பத்தொன்று என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பார்த்தேன். ஐந்தின் வளைவை மேலும் கீழும் இழுத்து மூடினேன். எட்டு. எண்பத்தொன்று. பேனா ஒரு தடவை சுற்றியது, அவ்வளவுதான். நிமிர்ந்தால் நித்திலா ஷூ லேஸ் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தாள். கேட்கவில்லை. குனிந்து இன்னொரு ஷூவைக் கட்டினாள். அப்போது அவர் மேல் நான் போட்ட தடை அமலில்தான் இருந்தது. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கத் தெரியாதவங்க. நான் முகத்தைப் பார்க்கவே இல்லை, பால்கனியில் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீ யாரை ஏமாற்றினாய், சசிரேகா? டாக்டரையா? அந்த எண்ணை வைத்துத்தான் அவர் மருந்து அளவை முடிவு செய்வார். கருணாகரனையா? அவரிடம் நான் பாஸாக வேண்டிய பரிட்சை ஒன்றும் இல்லையே. ஆனால் இருந்திருக்கிறது. பதினோரு வருஷம் அவருக்குக் கேள்வித்தாள் கொடுத்தவள், நான் ஒரு தடவை ஃபெயிலானதும் விடைத்தாளைத் திருத்திவிட்டேன். அவர் எத்தனை தடவை ஃபெயிலானார், ஒரு தடவையாவது திருத்தினாரா? மறந்துட்டேன் சசி, என்று வந்து நிற்பார். அந்த நிற்பதற்கு எவ்வளவு வேண்டும் என்று அப்போது தெரியவில்லை. அடுத்தவர் வருகிறார். மதுரை, ஒருவர், பெண், வயது முப்பத்தைந்து. தட்டுகிறேன். மூன்று முப்பத்தொன்பது.

தொலைபேசி மறுபடி அடிக்கிறது. பார்சல் ஆஃபீஸ்தான். பார்சல் ஆஃபீஸாக இருக்கட்டும். “சசிரேகா மேடம்,” மகாலிங்கம் சாரின் குரல், “உங்களுக்குத்தான்.”

கவுண்ட்டரில் ‘மூடியுள்ளது’ பலகையைத் திருப்பி வைத்தேனா, தெரியவில்லை. நாற்காலியிலிருந்து அவர் மேசைக்கு ஏழு எட்டு அடி இருக்கும். அந்த எட்டு அடியில் அவள் தரையில் கிடந்தாள், ஆட்டோவில் கிடந்தாள், கீழ் வீட்டுச் சோபாவில் பலூன்களுக்கு நடுவில் கண் செருகிக் கிடந்தாள், அவர் சுவரோடு சரிந்து உட்கார்ந்திருந்தார், கேக்கில் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டே இருந்தது, யாரும் ஊதவில்லை. ரிசீவரை எடுக்கிறேன். “சசி, நித்திலா நல்லா இருக்கா. முதல்ல அதச் சொல்லிடறேன். நல்லா இருக்கா, விளையாடிக்கிட்டு இருக்கா, சத்தம் கேக்குதா?” கேட்கிறது. பத்துப் பதினைந்து குழந்தைகளின் கூச்சல், ஒரு பலூன் வெடிக்கிறது, யாரோ வீறிட்டுச் சிரிக்கிறார்கள். “சொல்லுங்க.” “மூணேகாலுக்குப் பாத்தேன். அறுபத்தாறு இருந்துச்சு.” அறுபத்தாறு. “அவளுக்கு ஒண்ணும் தெரியல, நல்லாத்தான் இருக்கேன்ப்பான்னா. கன்னம் கொஞ்சம் வெளுத்திருந்த மாதிரி எனக்குத் தோணிச்சு. ஊசி போடல. குளுக்கோஸ் மூணு ஸ்பூன் குடுத்தேன். பதினஞ்சு நிமிஷம் கழிச்சுப் பாத்தேன், நூத்தி நாலு. அப்புறம் கேக்குக்கு ஊசி போட்டு, பாதித் துண்டு என் கண்ணு முன்னால சாப்பிட வெச்சேன். இப்பத்தான் சாப்பிட்டு முடிச்சா. நாலரைக்கு மறுபடி பாப்பேன். மத்தியானம் சோறு கொஞ்சம் குறைச்சுச் சாப்பிட்டா, அத நான் கணக்குல எடுத்துக்கல. அதனாலதான் இறங்கியிருக்கு. என் தப்புதான். நோட்டுல எழுதிட்டேன்.” எல்லாம் சரியாகச் செய்திருக்கிறார். நான் இருந்திருந்தால் செய்திருக்கக்கூடியது எல்லாம், ஒருவேளை நான் இருந்திருந்தால் செய்யாமல் விட்டிருக்கக்கூடியதும். கன்னம் வெளுத்திருந்தது என்று பார்த்திருக்கிறார். எல்லாம் முடிந்து, குழந்தை விளையாடப் போன பிறகு, அறுபத்தாறைச் சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. நான் மறுபடி இரண்டு மாதம் தடை போடுவேன் என்று தெரிந்தும் கூப்பிட்டிருக்கிறார். “சசி? இருக்கியா? நீ வரணும்னா வா. கூட்டிட்டுப் போகணும்னாலும் சரி. எழுபதுக்குக் கீழ போனா சொல்லணும்னு சொன்ன, அதனால சொன்னேன்.”

இந்த மனுஷனோடு இனிமேல் ஒரு வீட்டில் இருக்க முடியுமா என்றால் முடியாது. அவர் துண்டைக் கட்டில் மேல் ஈரமாகப் போடுவார், நான் ஒன்பது நாள் பேசாமல் இருப்பேன், மூன்றே மாதத்தில் பழைய இடத்துக்கு வந்து நிற்போம். அது இல்லை இது. பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தவரை, இறங்கித் தெருவில் நடந்து போகும்போதுதான் முழு உயரத்துக்குப் பார்க்கிற மாதிரி. “உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்கிறேன். என் குரலில் கூர்மை இல்லை, அது எங்கே போயிற்று, அது இல்லாமல் எப்படிப் பேசுவது என்றுகூடத் தெரியவில்லை. “போன மாசம் ஒரு வியாழக்கிழமை. நோட்டுல எண்பத்தொண்ணுன்னு எழுதியிருப்பேன். அது எண்பத்தொண்ணு இல்ல. ஐம்பத்தொண்ணு.” அந்தப் பக்கம் குழந்தைகள் சத்தம் மட்டும். “ஊசி போட்டுட்டு ஃபோன்ல பேசிக்கிட்டிருந்துட்டேன். அவ சாப்பிடல, நான் பாக்கல. அப்புறம் நம்பர மாத்திட்டேன்.” மகாலிங்கம் சார் எதையோ படிக்கிற மாதிரி குனிந்திருக்கிறார். வரட்டும். ஒரு குழந்தையோட முகத்தப் பாத்துக் கண்டுபிடிக்கத் தெரியாதவங்க, என்று அவர் தொடங்கட்டும், அதே வார்த்தை, அதே நடைபாதை, எனக்கு அது வேண்டும். அவர் கேட்கிறார், “ஊசி போட்டு எவ்வளவு நேரம் ஆயிருந்துச்சு?” “நாப்பது நிமிஷம்.” “குளுக்கோஸ் குடுத்தியா?” “குடுத்தேன்.” “மறுபடி பாத்தியா?” “எண்பத்தெட்டு.” “சரி. நோட்டுல அத அடிச்சுட்டு சரியானத எழுதிடறேன். செவ்வாக்கிழமை டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போய்ச் சொல்லிடுவோம்.” ஸ்டெல்லா சிஸ்டர் கேட்பது மாதிரியே கேட்டார், ஒரு கேள்விக்கு அடுத்த கேள்வி, எந்தக் கேள்விக்குள்ளும் கத்தி இல்லை. முடிந்தது என்று நினைக்கிறேன். அவர் வைக்கவில்லை. “நீ எப்படி இருந்த அன்னிக்கு?” என்கிறார்.

நானா. யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் தெரியாது, தெரிந்திருந்தாலும் யார் கேட்டிருப்பார்கள். அவள் ஸ்கூல் வேன் போன பிறகு, தரையில் கொட்டிக் கிடந்த குளுக்கோஸைத் துடைக்கக் குனிந்தவள் நிமிரவில்லை, பத்தரை மணி வரைக்கும் அந்தத் தரையிலேயே உட்கார்ந்திருந்தேன், எறும்பு வந்துவிட்டது. “பயந்துட்டேன்,” என்கிறேன். பதினோரு வருஷக் குடித்தனத்திலும் மூன்று வருஷப் பிரிவிலும் இவரிடம் நான் சொல்லாத வார்த்தை. கோபம் என்று சொல்லியிருக்கிறேன், அலுத்துவிட்டது என்று சொல்லியிருக்கிறேன், எல்லாமே இதுதான் என்று இப்போது தெரிகிறது, வாட்ச்மேன் ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்த அந்த நாள்கூட. “ரொம்ப பயந்துட்டேங்க.” “எனக்கும்தான்,” என்கிறார். “இப்பவும் கை நடுங்கிக்கிட்டேதான் இருக்கு சசி. அறுபத்தாறப் பாத்ததிலேர்ந்து. அவளுக்கு முன்னால நடுங்கல, எல்லாம் முடியற வரைக்கும் நடுங்கல, அவ விளையாடப் போனதும் ஆரம்பிச்சிடுச்சு. அவ பாக்கக் கூடாதுன்னு மாடிப்படியில வந்து உக்காந்துதான் பேசறேன்.” நான் ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். “கொஞ்ச நேரம் அங்கேயே உக்காருங்க,” என்கிறேன். “வைக்க வேணாம். நானும் இருக்கேன்.” “உனக்கு அங்க ஆளுங்க நிக்க மாட்டாங்களா?” “நிக்கட்டும்.” அவர் மூச்சு கேட்கிறது, அதற்குப் பின்னால் எங்கோ கீழே குழந்தைகள் எதற்கோ கைதட்டுகிறார்கள், அதில் நித்திலாவின் கை எது என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே வரிசையில் யாரோ கண்ணாடியைத் தட்டி, “மூணாம் நம்பர்ல ஆளே இல்லையா?” என்கிறார். மகாலிங்கம் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொள்கிறார், என்னைப் பார்க்காமல் எழுந்து போய், என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, “வாங்க, அடுத்தவங்க வாங்க,” என்கிறார்.